தேர்ச்சியாளருக்குத் தோன்றியது

காப்புரிமை அலுவலகத்தின் மின்கலப் பிரிவில், எல்லாம் தெரிந்த ஒருவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் புதிதாக எதுவும் தோன்றாது. அதுதான் அவர் வேலை.

சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. ஒரு கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை வேண்டுமென்றால், அந்தத் துறையில் சாதாரணத் தேர்ச்சி உள்ள ஒருவருக்கு அது தானாகத் தோன்றிவிடக் கூடியதாக இருக்கக் கூடாது. மற்ற ஊர்களில் அந்த ஒருவரை மனதில் வைத்துக்கொண்டு வேலை பார்ப்பார்கள். இந்த அலுவலகத்தில் அதெல்லாம் சரிப்பட்டு வராது என்று ஆளையே கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டார்கள். துணிப் பிரிவுக்கு ஒருவர், மருந்துப் பிரிவுக்கு ஒருவர், மின்கலப் பிரிவுக்கு இவர். தேர்ச்சியாளர் என்று கூப்பிடுவார்கள். வேறு பெயர் கிடையாது.

உயரம் நடுத்தரம். நிறம் நடுத்தரம். மீசை இருந்தது என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். அவரைப் பார்க்கிற எல்லோருக்கும் எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கும். பார்த்திருக்க வழியே இல்லை. அவர் அந்த மாடியை விட்டு இறங்கியதில்லை.

நேற்று மாலை வரைக்கும் மின்கலத்தைப் பற்றி உலகத்தில் எந்த மொழியில் என்ன அச்சாகியிருந்தாலும் அது அவருக்குத் தெரியும். தெரிந்த இரண்டு விஷயங்களைப் பக்கத்தில் வைத்தால், தானாக ஒட்டிக்கொள்கிற அளவுக்கு ஒட்ட வைப்பார். அதற்கு மேல் ஓர் அடி எடுத்து வைக்கமாட்டார். மழை வரும்போல இருக்கிறதே சார் என்று சொன்னால், "பேஞ்சதும் சொல்லுங்க" என்பார்.

தில்லைநாயகி அந்தப் பிரிவின் பரிசோதகர். காலையில் வருவாள். விண்ணப்பத்தைப் படிப்பாள். படித்ததை அவர் முன்னால் வைத்து, "இது உங்களுக்குத் தோன்றியிருக்குமா சார்?" என்று கேட்பாள். "தோன்றியிருக்கும்" என்பார். அந்த விண்ணப்பம் போயிற்று. எப்போதாவது "தோன்றியிருக்காது" என்பார். யாரோ ஒருவர் வீட்டில் அன்றைக்குப் பாயசம். இரண்டையும் அவர் ஒரே குரலில்தான் சொல்வார்.

அலுவலகத்தின் நடைகூடம் நிலுவை விண்ணப்பங்களைப் பொறுத்து நீளும். தில்லைநாயகி வேலைக்குச் சேர்ந்தபோது கழிப்பறை கூப்பிடு தூரத்தில் இருந்தது. இப்போது போகிறவர்கள் தண்ணீர் பாட்டிலும் ஒரு வாழைப்பழமும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். இரண்டு பக்கமும் மாதிரிக்கு வந்த மின்கலங்கள் சுவரோரமாக உட்கார்ந்திருக்கும். நிராகரிக்கப்பட்டவை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தில்லைநாயகி போகிற போக்கில் அவற்றின் தலையில் தட்டிக்கொடுப்பாள். வேலை நேரத்தில் இதெல்லாம் எதற்கு என்று யாராவது கேட்டால், கசிவு இருக்கிறதா என்று பார்த்தேன் என்பாள்.

தேர்ச்சியாளர்களுக்கு ஒரே ஒரு நிபந்தனைதான். கற்பனை வரக் கூடாது. வந்துவிட்டால் அன்றைக்கே விடுவித்துவிடுவார்கள். துணிப் பிரிவில் முன்பு இருந்தவர் ஒருநாள் ஜன்னல் வழியாகப் பார்த்து, அந்த மேகம் எருமை படுத்திருக்கிற மாதிரி இல்லையா என்று கேட்டுவிட்டார். சாயங்காலம் அந்த நாற்காலியில் வேறு ஆள். பழையவர் படியிறங்கியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். வாசலுக்கு வெளியே வந்ததைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. சட்டத்தின் ஒரு வரிக்குள் குடியிருப்பவர், அந்த வரியைக் காலி செய்துவிட்டு எங்கே போவார் பாவம்.

தேர்ச்சியாளருக்குக் கற்பனை வந்ததைக் கண்டால் உடனே மேலே, கட்டுப்பாட்டாளரிடம் சொல்ல வேண்டியது பரிசோதகரின் பொறுப்பு. தில்லைநாயகி பொறுப்பானவள் என்று பெயர் எடுத்தவள்.

அவள் லீவு போடுகிற ஆள் இல்லை. ஆனாலும் காய்ச்சலுக்கு அது தெரியாதே. ஒருநாள் படுத்துவிட்டாள். மறுநாள் வந்து பையை மேசையில் வைத்தபோது தேர்ச்சியாளர் சொன்னார்:

"நேத்து நீங்க வரல."

"காய்ச்சல் சார்."

"காய்ச்சலாத்தான் இருக்கும்னு நினைச்சேன்."

தில்லைநாயகி எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"யாராவது சொன்னாங்களா?"

"இல்ல."

"எங்கயாவது படிச்சீங்களா?"

"அது எதிலயும் அச்சாகல மேடம்."

"பின்ன எப்படி சார்?"

"முதல்ல பஸ் கிடைக்கலன்னு நினைச்சேன். மத்தியானத்துக்கு மேல, நெத்தியில ஈரத்துணி போட்டுக்கிட்டுப் படுத்திருக்கீங்கன்னு நினைச்சேன். நீலத் துணி."

துணி நீலம்தான். பழைய துண்டைக் கிழித்தது. தில்லைநாயகி தனியாக இருக்கிறவள். அவள் படுத்திருந்ததைப் பார்த்தது ஒரு பல்லி மட்டும்தான். அதற்கும் இந்த அலுவலகத்துக்கும் எந்தப் போக்குவரத்தும் இல்லை.

தன்னைப் பற்றி ஒரு மனிதர் ஒருநாள் முழுக்க உட்கார்ந்து யோசித்திருக்கிறார் என்பது அவளுக்கு இனித்தது. அவரை அனுப்பிவிடுவார்களே என்பது கசந்தது. இரண்டும் சேர்ந்தாற்போல் வந்ததால் எதற்கு முதலில் முகம் கொடுப்பது என்று தெரியாமல் எழுந்துபோய் ஃபேனைப் போட்டாள்.

"இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றாள்.

"கேட்டா?"

"கேக்க மாட்டாங்க."

"கேட்டாச் சொல்லிடுவேன் மேடம். எனக்குப் பொய் வராது. இல்லாததை நினைக்கத் தெரிஞ்சாத்தானே பொய் வரும்." ஜன்னல் பக்கம் திரும்பினார். "இனிமே வருமோ என்னவோ."

இந்த "என்னவோ"வை அவர் வாயிலிருந்து அவள் அதற்குமுன் கேட்டதில்லை.

அவள் மேலே சொல்லவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பொறுப்பைக் கைகழுவினாள். கைகழுவியதும் கை லேசாகத்தான் இருந்தது.

ஆனால் கற்பனை, பால் பொங்குகிற மாதிரி, மூடி வைத்தால் அடங்குகிற சமாசாரம் இல்லை. அடுத்தடுத்த நாட்களில் தேர்ச்சியாளருக்கு அது தாறுமாறாக வந்தது. முகம் திருப்பிக்கொண்ட சோடியம் மின்கலம் ஒன்று ராத்திரியில் அழுதிருக்கும் என்றார். முதன்முதலில் எலுமிச்சம்பழத்தில் ஆணியைக் குத்தியவனுக்கு வீட்டில் திட்டு விழுந்திருக்கும் என்றார். அதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அவருக்குச் சிரிப்பு வரும் என்பது அவருக்கே புதுச் செய்தி. வாயை எந்த அளவுக்குத் திறப்பது என்று தெரியாமல் திண்டாடிவிட்டார்.

தில்லைநாயகி அவருக்கு ஒன்றும் தோன்றாத முகத்தைப் பழக்கினாள். அவருடைய பழைய முகம்தான் அது. அது அவருக்கே மறந்துபோயிருந்தது. "கட்டுப்பாட்டாளர் சாரை நினைச்சுக்கோங்க" என்றாள். நினைத்துக்கொண்டார். முகம் நன்றாக வந்தது.

இப்படி இருக்கும்போதுதான் இசக்கியம்மாளின் விண்ணப்பம் வந்தது. கோவில்பட்டிப் பக்கம் இன்வெர்ட்டர் கடை வைத்திருக்கிறவள். கண்டுபிடிப்பின் தலைப்பு: காத்திருத்தலைச் சேமித்து வைக்கும் மின்கலம்.

கட்டுப்பாட்டாளர் துரைக்கண்ணு அதைப் படித்துவிட்டுத் தில்லைநாயகியைக் கூப்பிட்டார். "காத்திருக்கறது என்ன உலகத்துல இல்லாத அதிசயமா? தேர்ச்சியாளருக்குக் கண்டிப்பா தோன்றியிருக்கும். விசாரணை வச்சிடுங்க. இந்தக் கேள்வியை நானே அவர்கிட்ட கேக்கறேன்."

அவள் திரும்பி வந்து தேர்ச்சியாளரிடம் நேராகச் சொன்னாள்.

"நாளைக்கு உங்களைக் கேப்பாங்க. தோன்றியிருக்காதுன்னு சொல்லிடுங்க. எதிலயும் அச்சாகாதது இது, தோணும்னு சொன்னா கற்பனைன்னு மாட்டிக்குவீங்க."

"விண்ணப்பத்தை நான் இன்னும் படிக்கலையே."

"படிக்க வேணாம். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிட்டு வந்துடுங்க. நாளைக்கு மறுநாளும் இந்த நாற்காலியில நீங்க இருக்கணும். எனக்கு அதுதான் வேணும்."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. தேர்ச்சியாளர் அவளையே பார்த்தார். ஒன்றும் தோன்றாத முகம் அப்போது அவரிடம் இல்லை.

மறுநாள் காலையில் விசாரணை அறைக்குக் கிளம்பினார்கள். நடைகூடத்தின் கடைசியில் அந்த அறை. மதியச் சாப்பாட்டை வழியிலேயே முடித்துக்கொண்டார்கள். இசக்கியம்மாள் அவர்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். முப்பது வயதுக்குப் பக்கத்தில் இருக்கும். மின்கலத்தைத் துண்டில் சுற்றி இடுப்பில் வைத்திருந்தாள்.

"கனமா இருக்கா?" என்று கேட்டாள் தில்லைநாயகி.

"முதல்ல லேசாத்தான் இருந்துச்சுக்கா. இந்த நடையில வர வரக் கனக்குது. இங்க எத்தனையோ பேரு காத்துக் கிடந்திருப்பாக போல. தானா சார்ஜ் ஏறுது."

கட்டுப்பாட்டாளர் துரைக்கண்ணு நல்ல மனிதர். பல வருடங்களாக விசாரணைகளை ஒத்திவைத்து ஒத்திவைத்து, அந்தப் பழக்கம் அவர் உடம்பிலும் ஏறிவிட்டது. அன்றைக்கு அவருடைய இடது கை அடுத்த மாதத்துக்கு ஒத்திவைக்கப்பட்டிருந்தது. வலது கையால் வணக்கம் சொன்னார். பாதி வணக்கம்தான் வந்தது. எல்லோரும் அதை முழுதாக எடுத்துக்கொண்டார்கள்.

"சொல்லும்மா" என்றார்.

"என்னயப் பொண்ணு பாக்க வந்தாக சார்" என்று ஆரம்பித்தாள் இசக்கியம்மாள். "திங்கிறதெல்லாம் தின்னாக. சிரிச்சுப் பேசினாக. போயித் தகவல் சொல்லுதோம்னாக. சொல்லல."

"சரி."

"அம்மை வாசல்ல நாற்காலியப் போட்டு உக்காந்தா. எந்திரிக்கவே இல்ல. அப்பா செல்போனைக் கையை விட்டுக் கீழ வைக்கல. வீடே காத்துக் கிடந்துச்சு. ஒருநா கரண்டு போயிட்டு. எங்க வீட்டு பேட்டரில சார்ஜ் இல்லன்னு எனக்கு நல்லாத் தெரியும். ஆனா லைட்டு எரியுது, ஃபேனு சுத்துது. என்னடான்னு வயரைப் பிடிச்சுக்கிட்டே போனேன். அம்மை உக்காந்திருந்த நாற்காலில போயி முடிஞ்சுது."

"அப்புறம்?"

"அந்தக் காத்திருப்பை மொத்தமா இதுல ஏத்திட்டேன் சார். அம்மை எந்திரிச்சுக் கோயிலுக்குப் போனா. அப்பா ராத்திரி தூங்குதாரு. நான் கடையைப் பாக்கேன். பேட்டரி காத்துக்கிட்டு இருக்கு. நாங்க எங்க சோலியப் பாக்கோம்."

"இப்ப மாப்பிள்ளை வீட்டார் வந்து சம்மதம்னு சொன்னா?"

"பேட்டரிகிட்டப் பேசிக்கிடட்டும்."

கட்டுப்பாட்டாளர் அதைக் குறித்துக்கொண்டார்.

"எங்க தெரு பூரா இதுலதான் எரியுது சார். ஆஸ்பத்திரி வராந்தாவுல, பஸ் ஸ்டாண்டுல, தாலுகா ஆபீஸ்ல எல்லாம் இது சும்மா வீணாப் போகுது. பாக்கப் பாக்க வயித்தெரிச்சலா இருக்கு. பெரிய கம்பெனிக்காரன் எவனும் இதைத் தூக்கிட்டுப் போயி, காத்திருக்கவுகளுக்கே வித்திரக் கூடாதுன்னுதான் எழுதிப் போட்டேன்."

துண்டைப் பிரித்தாள். மோட்டார் சைக்கிள் பேட்டரி அளவுக்கு ஒரு பெட்டி. ஒரு பல்பைச் சேர்த்தாள். பல்பு எரிந்தது. நல்ல வெளிச்சம். யாரோ இப்போது வந்துவிடுவார்கள் என்பது போன்ற வெளிச்சம்.

கட்டுப்பாட்டாளர் தேர்ச்சியாளர் பக்கம் திரும்பினார்.

"இது ஏற்கெனவே எதுலயாவது இருக்கா?"

"ஈயம் இருக்கு சார். லித்தியம் இருக்கு, சோடியம் இருக்கு. தண்ணியை மேல ஏத்தி வச்சு இறக்கறது இருக்கு. சக்கரத்தைச் சுத்தவிட்டு வைக்கறது, மணலைச் சூடாக்கி வைக்கறது, காத்தைக் குகையில அடைச்சு வைக்கறது எல்லாம் இருக்கு. காத்திருக்கறதைச் சேமிச்சதா எதுலயும் இல்ல. புதுசு."

"சரி. உங்களுக்கு இது தோன்றியிருக்குமா?"

தேர்ச்சியாளர் எரிகிற பல்பைப் பார்த்தார்.

அவர் சர்வீசில் ஒரு பதிலுக்கும் இத்தனை நேரம் எடுத்ததில்லை. தில்லைநாயகி புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டினாள். ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் அந்தப் பெண்ணுக்குக் காப்புரிமை. இவருக்கு ஜன்னலோரம். தனக்குக் காலையில் படியேறி வருவதற்கு ஒரு காரணம். யாருக்கும் நஷ்டம் இல்லாத பொய். தோன்றியிருக்காது என்று சொல்லுங்கள், சொல்லுங்கள் என்று மனதுக்குள் கெஞ்சினாள்.

"தோணிச்சு சார்" என்றார் தேர்ச்சியாளர்.

"தோன்றியிருக்கும்னு சொல்றீங்க."

"இல்ல சார். தோணிச்சு. ஒருநாள் மேடம் வரல. நான் கதவைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன். என் தலைக்கு மேல டியூப் லைட் ரொம்ப நாளா ரிப்பேர். அன்னிக்குச் சாயங்காலம் அது எரிய ஆரம்பிச்சுது. யாரும் சுவிட்ச் போடல. அட, இதை எதுலயாவது பிடிச்சு வைக்கலாமேன்னு தோணிச்சு."

இசக்கியம்மாளின் முகம் விழுந்துவிட்டது. தில்லைநாயகி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காது மடல்கள் சூடாகிவிட்டிருந்தன.

கட்டுப்பாட்டாளர் நியாயமாக யோசிக்கிறவர். பேனாவை மேசையில் உருட்டிக்கொண்டே யோசித்தார்.

"எந்தப் புத்தகத்துலயும் இல்லாத ஒண்ணு இவருக்குத் தோன்றியிருக்கு. அப்படின்னா இவருக்கு இருக்கறது சாதாரணத் தேர்ச்சி இல்ல. சாதாரணத் தேர்ச்சி இல்லாதவருக்குத் தோன்றினது சட்டப்படி கணக்குல வராது. ஆகவே விண்ணப்பம் ஏற்கப்படுகிறது." வலது கையால் எழுதினார். எழுதியதை உரக்கப் படித்தார்: "இவர் சாதாரணமானவர் அல்ல. ஆகவே இன்றே விடுவிக்கப்படுகிறார்."

பேனாவை மூடினார். தேர்ச்சியாளரை அன்பாகப் பார்த்தார். "எனக்கு ரொம்ப வருத்தம் சார். அடுத்த வாரம் படறேன்."

நடைகூடம் ஒரு விண்ணப்பம் குறைந்த அளவுக்குச் சுருங்கியது. அது சுருங்கியதை அதற்குமுன் யாரும் கண்டதில்லை. ஆனால் அதை ரசிக்கும் நிலையில் தில்லைநாயகி இல்லை. தேர்ச்சியாளரின் சட்டைக்கை வழியாக எதிர்ச் சுவரில் இருந்த நாள்காட்டி தெரிந்தது. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை.

இசக்கியம்மாள் மின்கலத்தை மறுபடி துண்டில் சுற்றிக்கொண்டு வந்து அவர் முன்னால் நின்றாள்.

"எனக்குக் கிடைச்சுட்டு. உங்க சோலி போயிட்டே. மனசுக்கு என்னமோ போல இருக்கு. எங்க இருந்தாலும் நல்லா இருங்க அண்ணாச்சி."

அதுவரை அவரை யாரும் எந்த முறையும் வைத்துக் கூப்பிட்டதில்லை. அண்ணாச்சி என்ற அந்த ஒரு சொல்லுக்கு மங்கிப்போயிருந்த அவருடைய இடது காது பளிச்சென்று திரும்பி வந்தது. கீழே ஒரு மச்சமும் இருந்தது. முன்பு அங்கே மச்சம் இல்லை.

தில்லைநாயகி அதைப் பார்த்தாள். பார்த்ததும் புரிந்துகொண்டாள். அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு நடந்தாள்.

அவள் வாழ்நாளில் எதையும் கற்பனை செய்ததில்லை. அடுத்தவர் கற்பனையை எடைபோட்டே காலம் போய்விட்டது. முதல் படியில் கால் வைத்தபோது எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. இரண்டாவது படியில் அவருடைய சட்டைக் காலர் காணாமல் போனது.

"உங்க பேரு கலியபெருமாள்" என்றாள்.

"ஏன்?"

"ஏன்னா? வச்சுட்டாங்க."

அவர் அந்தப் பெயரை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். முகத்துக்கு ஒரு பிடி கிடைத்தது. மீசை இருக்கிறது என்று இப்போது உறுதியாகச் சொல்லலாம்.

"ஊரு நீடாமங்கலம். ஸ்டேஷனுக்குப் பக்கத்துல வீடு. ரயில் போனா வீட்டுப் பாத்திரமெல்லாம் ஆடும்."

"சத்தமா?"

"சத்தமா. பழகிடுச்சு உங்களுக்கு."

கலியபெருமாளின் தோள்கள் வந்தன. கொஞ்சம் கூன் விழுந்த தோள்கள். அவள் இன்னும் வேகமாகச் சொன்னாள்.

"சின்ன வயசுல ஆடு முட்டிச்சு. முழங்கால்ல."

அவர் நொண்ட ஆரம்பித்தார். "கொஞ்சமா முட்டினதா வச்சுக்கலாமா மேடம்? படி இறங்க முடியல."

"சரி, கொஞ்சமா."

நொண்டல் குறைந்தது. ஒரு மாடி முடிந்து அடுத்த மாடி வந்தது. படிகள் நீளமாக இருந்தன. அந்தக் கட்டடத்தில் எதுதான் நீளாமல் இருந்தது.

"கணக்கு நல்லா வரும். தமிழ் சுமார். நீச்சல் தெரியும். சைக்கிள் லேட்டாத்தான் கத்துக்கிட்டீங்க. மழையில நனைஞ்சா சளி பிடிக்கும். காபின்னா உயிர்."

"அம்மா?"

"கோபக்காரங்க. ஆனா நீங்க சாப்பிடாம தூங்கிட்டா எழுப்பி ஊட்டுவாங்க."

அவர் ஒரு படியில் நின்றுவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைப்பதற்கு இன்னொரு கையும் வந்திருந்தது.

"இருக்காங்களா?"

அவளுக்கு மனசு வரவில்லை. "இருக்காங்க. தங்கச்சி வீட்ல" என்றாள். அதனால் அவருக்கு ஒரு தங்கையும் ஆயிற்று.

கற்பனை தீர்ந்துபோனது. பிறகு அவள் தன்னுடையதை எடுத்துக் கொடுத்தாள். தான் படித்த பள்ளிக்கூடத்தின் வேப்பமரத்தைக் கொடுத்தாள். தன் மாமாவின் ரேடியோவைக் கொடுத்தாள். திருவிழாவில் தொலைந்துபோய் ராட்டினக்காரர் தோளில் உட்கார்ந்து அழுததைக் கொடுத்தாள். கொடுத்தவை அவளிடமிருந்து போய்விடவில்லை. இரண்டு பேருக்குமாக இருந்தன.

கீழ்த்தளம் வந்துவிட்டது. கலியபெருமாள் முழங்கால் வரைக்கும் முழுதாக இருந்தார். அதற்குக் கீழே கால்கள் இன்னும் புகைமாதிரிதான் தெரிந்தன. அவளிடம் சொல்ல எதுவும் மிச்சம் இல்லை.

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு" என்றார் அவர். "எனக்கு நீங்க யாரு?"

தில்லைநாயகிக்குப் பதில் தெரியும். ரொம்ப நாளாகத் தெரியும். அதைச் சொன்னால் அந்தக் கால்கள் வந்துவிடும் என்றும் தெரியும்.

"அதை நான் சொல்லமாட்டேன்" என்றாள்.

"ஏன்?"

"நான் சொன்னா அப்படியே ஆயிடுவீங்க. அது உங்களுக்கா வரணும். வராட்டியும் பரவால்ல."

"கால்?"

"கையைப் பிடிச்சுக்கோங்க."

"நீங்க சொன்ன மாதிரி நான் பொய் சொல்லியிருக்கலாம்" என்றார் அவர். "அந்த வார்த்தை நாக்கு வரைக்கும் வந்துச்சு. சொல்லியிருந்தா, அன்னிக்கு நான் உங்களுக்காகக் காத்திருக்கலன்னு ஆகியிருக்கும்."

அவள் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வாசலில் காவலாளி எழுந்து நின்றார். "மேடம், இந்த சார் யாரு? உள்ள போகும்போது பாக்கலியே."

"இவரு வெளிய மட்டும் போறவரு."

"அப்ப சரி" என்று காவலாளி கதவைத் திறந்துவிட்டார்.

தில்லைநாயகி கண்ணை மூடிக்கொண்டு வெளியே வந்தாள். வெயில் முகத்தில் அடித்தது. கைக்குள் கை இருக்கிறதா என்று பார்க்கப் பயமாக இருந்தது. அழுத்திப் பார்த்தாள். பதிலுக்கு அதுவும் அழுத்தியது.

ஆனாலும் பயம் போகவில்லை. நீடாமங்கலம், ரயில், ஆடு, வேப்பமரம், ரேடியோ, தங்கச்சி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே சாலையைக் கடந்தாள். ஒன்றை மறந்தாலும் அந்த இடத்தில் அவருக்கு ஓட்டை விழுந்துவிடும் என்று தோன்றியது. இனி வாழ்நாள் முழுக்க இதைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். இருந்துவிட்டுப் போகிறது. அவளுக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை.

எதிரில் ஒரு டீக்கடை. பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"ரெண்டு காபி" என்றாள்.

"எனக்கு டீ" என்றார் கலியபெருமாள்.

"காபின்னா உங்களுக்கு உயிர்."

"நீங்க சொன்னீங்க. எனக்குப் பிடிக்காது."

"எப்பலேருந்து?"

"சின்னப் பிள்ளையிலேருந்தே. எங்க வீட்ல யாரும் காபி குடிக்கமாட்டோம். அம்மாவுக்குப் பித்தம். அப்புறம், அது ஆடு இல்ல. கன்னுக்குட்டி. ஆடுன்னா நானே பிடிச்சிருப்பேன்."

தில்லைநாயகி திரும்பி அவரைப் பார்த்தாள். அம்மாவுக்குப் பித்தம் என்று அவள் சொல்லவில்லை. அந்த வீட்டில் யார் என்ன குடிப்பார்கள் என்று அவள் யோசிக்கவே இல்லை. கன்றுக்குட்டியைப் பற்றி அவளுக்கு எதுவுமே தெரியாது.

குனிந்து பார்த்தாள். பெஞ்சுக்கு அடியில் இரண்டு பாதங்கள் இருந்தன. தூசி படிந்த பாதங்கள். வலது செருப்பின் வார் அறுந்து, ஊக்கு குத்தியிருந்தது.

அவளுக்கு இருந்த சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது. மறைக்கத் தோன்றவில்லை. மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்த நீடாமங்கலத்தையும் ரேடியோவையும் அப்படியே விட்டுவிட்டாள். ஒன்றும் ஆகவில்லை. அவர் உட்கார்ந்தே இருந்தார்.

"என்ன மேடம்?"

"ஒண்ணுமில்ல. நிஜமாவே பிடிக்காதா?"

"வாசனைகூட ஆகாது."

டீ மாஸ்டர் பொறுமை இழந்துவிட்டார். "ஒரு காபி, ஒரு டீயா? டீக்குச் சக்கரை போடவா, வேணாமா?"

தில்லைநாயகி வாயைத் திறக்கவில்லை. கலியபெருமாள் யோசித்துக்கொண்டிருந்தார். அவர் சொல்லும்வரை காத்திருந்தாள்.